காலம் தவறி வந்த பணம்

1843ஆம் ஆண்டில் சிட்னி ஸ்மித் என்ற ஆங்கிலப் பாதிரியார் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு ஒரு மனு எழுதினார். பென்சில்வேனியா மாநிலம் விற்ற கடன் பத்திரங்களில் அவர் பணம் போட்டிருந்தார், வட்டி நின்றுபோயிருந்தது. ஏமாந்தவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. 1841லும் 1842லும் எட்டு மாநிலங்களும், அப்போது இன்னும் மாநிலத் தகுதி பெறாதிருந்த புளோரிடாவும் கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் நின்றன. நியூயார்க் மாநிலம் தன் சொந்தச் செலவில் வெட்டிய ஈரி கால்வாய் 1825இல் திறக்கப்பட்டு, சுங்கத்தில் கொழித்ததைப் பார்த்த மற்ற மாநிலங்கள் நாமும் வெட்டினால் என்ன என்று இறங்கியதில் தொடங்கிய கதை இது. இந்தியானாவின் சட்டமன்றம் 1836இல் ஒரே சட்டத்தில் 1 கோடி டாலருக்குக் கால்வாய்களும் சாலைகளும் ரயில் பாதையும் அமைக்க ஒப்புதல் கொடுத்தது. அன்றைய இந்தியானாவின் மக்கள்தொகைக்கும் வரி வருமானத்துக்கும் அது கட்டுப்படியாகாத தொகை. தெற்கு மாநிலங்கள் வங்கிகள் தொடங்கக் கடன் வாங்கின. 1837இல் நிதி நெருக்கடி வந்தது. பாதி வெட்டிய கால்வாய்களும் முழுக் கடனும் மிஞ்சின. மாநிலங்களின் கடன் அப்போது ஏறக்குறைய 20 கோடி டாலர். அதை மத்திய அரசே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கை காங்கிரசில் எழுந்து, விவாதிக்கப்பட்டு, கைவிடப்பட்டது. மிசிசிப்பி தன் வங்கிப் பத்திரங்களுக்கு இன்றுவரை பணம் தரவில்லை. தரவே கூடாது என்று 1875இல் தன் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்துக்கொண்டது.

காங்கிரஸ் கைவிரித்தபின் மாநிலங்கள் தங்களுக்குத் தாங்களே கடிவாளம் போட்டுக்கொண்டன. 1846இல் நியூயார்க் தன் புதிய அரசியலமைப்பில் கடனுக்கு வரம்பு வைத்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல மாநிலங்கள் அதே வழியில் போயின. இன்று வெர்மான்ட் தவிர்த்த 49 மாநிலங்களிலும் வரவுக்குள் செலவை அடக்கியே வரவு செலவுத் திட்டம் போட வேண்டும் என்ற விதி ஏதாவது ஒரு வடிவில் இருக்கிறது. நல்ல காலத்தில் இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொருளாதார மந்தம் வரும்போதுதான் இதன் மறுபக்கம் தெரிகிறது. வேலை போகிறது, வருமான வரியும் விற்பனை வரியும் சரிகின்றன, அதே மாதங்களில் உதவி கேட்டு வருவோரின் வரிசை நீள்கிறது. மத்திய அரசு கடன் வாங்கிச் சமாளிக்கும். மாநிலத்துக்கு அந்த வழி அடைபட்டிருப்பதால் ஆசிரியர்களை நீக்க வேண்டும், அல்லது வரியை உயர்த்த வேண்டும். இரண்டுமே மந்தத்தை ஆழப்படுத்தும். அமெரிக்காவில் மத்திய அரசின் சிவில் ஊழியர்கள் 30 லட்சத்துக்கும் குறைவு. மாநில, உள்ளாட்சி ஊழியர்கள் சுமார் 2 கோடிப் பேர். பள்ளி, காவல், தீயணைப்பு, மருத்துவமனை, சாலை எல்லாம் அவர்கள் கையில். அந்தப் பக்கம் சுருங்கும்போது வாஷிங்டன் எவ்வளவு செலவழித்தாலும் ஒரு பகுதி அந்தச் சுருக்கத்தை ஈடுகட்டவே போய்விடும்.

மாநில அரசுகளுக்கு மத்திய அரசு பணம் கொடுத்துப் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தும் வழக்கம் இந்த ஓட்டையை அடைக்கப் பிறந்தது. ஆனால் அமெரிக்கர்கள் இதைப் பற்றி வாதிடும்போதெல்லாம் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். தன் கடனால் மூழ்கிய மாநிலத்தை மீட்பது ஒன்று. தன் தவறில்லாமல் வந்த மந்தத்தில் வருவாய் இழந்த மாநிலத்தைத் தாங்கிப் பிடிப்பது வேறொன்று. முதலாவதை மறுத்ததில் 1843இன் காங்கிரஸ் சரியாகவே நடந்தது. இரண்டாவதைச் செய்ய முனைந்தபோதெல்லாம் பணத்தின் அளவைவிட அது வந்து சேர்ந்த நேரமே பலனைத் தீர்மானித்தது என்பதுதான் கடந்த தொண்ணூறு ஆண்டு அனுபவம் காட்டும் உண்மை.

குழப்பத்தின் வேர் நாட்டின் தொடக்கத்திலேயே இருக்கிறது. முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1790இல் விடுதலைப் போரில் மாநிலங்கள் பட்ட கடனை மத்திய அரசின் கணக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றார். மாசசூசெட்சுக்கும் தெற்கு கரோலினாவுக்கும் பெருங்கடன் இருந்தது. வர்ஜீனியா தன் பங்கில் பெரும்பகுதியை ஏற்கெனவே அடைத்திருந்தது. கட்டியவன் கட்டாதவனுக்காக மறுபடியும் கட்டுவதா என்று வர்ஜீனியா கேட்டது நியாயமான கேள்வி. தலைநகரை போடோமாக் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவது என்ற பேரத்தோடு சேர்ந்துதான் அது தீர்ந்தது. 2 கோடியே 15 லட்சம் டாலர் வரை மாநிலக் கடன் வாஷிங்டனின் தலையில் ஏறியது. எவ்வளவு கடன்பட்டாய் என்பதைப் பொறுத்து உனக்குக் கிடைக்கும் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. கால்வாய்ப் பத்திரங்களை வாங்கியவர்கள் 1840களிலும் அதையே எதிர்பார்த்தார்கள். பொருளியல் அறிஞர் தாமஸ் சார்ஜென்ட் தன் 2011 நோபல் உரையில் இதை எடுத்துப் பேசினார்: 1790இல் ஏற்றதும் சரி, 1840களில் மறுத்ததும் சரி, மறுத்ததால்தான் மாநிலங்கள் ஒழுங்குக்கு வந்தன என்பது அவர் வாதத்தின் சாரம். கடனைப் பொறுத்தவரை அதை மறுக்க என்னிடம் வாதம் இல்லை. ஆனால் அந்த ஒழுங்குக்கு ஒரு விலை உண்டு. மந்தம் வரும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் ஒரே நேரத்தில் இடுப்புக் கச்சையை இறுக்கும் நாடாக அமெரிக்கா மாறியது. அந்த விலை 1930களில்தான் முழுதாகத் தெரிந்தது.

பெருமந்தத்தின்போது உள்ளாட்சிகளின் முதன்மை வருமானம் சொத்துவரி. 1933 வாக்கில் பெரிய நகரங்களில் விதித்த வரியில் நாலில் ஒரு பங்கு வரை வசூலாகாமல் நின்றது. சிகாகோவில் ஆசிரியர்களுக்கு மாதக்கணக்கில் சம்பளம் இல்லை; அவர்கள் 1933 ஏப்ரலில் வங்கிகளுக்குள் புகுந்து போராடினார்கள். அதே ஆண்டில் அர்கன்சாஸ் தன் நெடுஞ்சாலைப் பத்திரங்களுக்குப் பணம் தர முடியாமல் தவறியது. வருவாய் தேடிய மாநிலங்கள் ஏழையின் பையிலும் கைவைத்தன. மிசிசிப்பி 1932இல் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சுமார் இரண்டு டஜன் மாநிலங்கள் அதைப் பின்பற்றின. மக்கள் வாங்குவதை நிறுத்தியதால் தொழில் படுத்திருந்த காலத்தில், வாங்கும் ஒவ்வொரு பொருளின்மீதும் புதுவரி போட்டார்கள். மாநிலங்களுக்கு வேறு வழி இருந்தது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கூட்டி வைத்துப் பார்த்தால் நாடு தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டது.

குடியரசுத் தலைவர் ஹூவர் 1932 ஜூலையில் கையெழுத்திட்ட அவசர நிவாரணச் சட்டம் மாநிலங்களுக்கு 30 கோடி டாலரை 3 சதவீத வட்டிக்குக் கடனாகக் கொடுக்க வழிசெய்தது. கடன்பட முடியாததால் தவித்த மாநிலத்துக்குக் கடனே உதவியாகக் கிடைத்தது. பத்து மாதம் கழித்து ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில் பிறந்த மத்திய அவசர நிவாரண நிர்வாகம் திருப்பித் தர வேண்டாத மானியமாக 50 கோடி டாலரோடு தொடங்கியது. அதன் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ் பதவியேற்ற முதல் இரண்டு மணி நேரத்தில் 50 லட்சம் டாலருக்கு மேல் மாநிலங்களுக்கு ஒதுக்கியது அன்றைய செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது. அவசரக்காரர் என்று ஏசினார்கள். பட்டினிக்கு முன்னால் அந்த அவசரம்தான் சரியான நிர்வாகம் என்பது என் கருத்து. தொகையில் பாதிக்கு மாநிலம் மூன்று டாலர் செலவழித்தால் மத்திய அரசு ஒரு டாலர் தரும் என்பது விதி. மீதிப் பாதி தேவையைப் பார்த்துத் தரப்பட்டது. மூன்று டாலருக்கு வழியில்லாத மாநிலம் எதுவோ அதற்குத்தான் உதவி மிகத் தேவை என்பதால் மீதிப் பாதி இல்லையென்றால் திட்டமே பொருளற்றுப் போயிருக்கும். அரசியலும் குறுக்கே வந்தது. 1935 மார்ச்சில் ஒஹாயோ ஆளுநரோடு மோதல் முற்றியதால் அம்மாநில நிவாரணப் பணியை மத்திய அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. (அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முதல்வரைப் போன்றவர் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.)

இத்தனைக்குப் பிறகும் 1930களில் அரசின் செலவு பொருளாதாரத்தை ஏன் தூக்கிவிடவில்லை என்ற கேள்விக்கு 1956இல் கேரி பிரவுன் என்ற பொருளியலாளர் கணக்குப் போட்டு விடை சொன்னார். மத்திய, மாநில, உள்ளாட்சிக் கணக்குகள் மூன்றையும் சேர்த்து எடைபோட்டால், 1931, 1936 என்ற இரண்டு ஆண்டுகளில் மட்டுமே அரசுத் துறையின் உந்துதல் 1929ஐவிடக் குறிப்பிடும்படி அதிகமாக இருந்தது. இரண்டு ஆண்டுகளிலும் காரணம் முன்னாள் படைவீரர்களுக்கு மொத்தமாகக் கொடுத்த தொகை. அதையும் காங்கிரஸ் ஹூவரின் மறுப்பையும் ரூஸ்வெல்ட்டின் மறுப்பையும் மீறித்தான் நிறைவேற்றியது. மற்ற ஆண்டுகளில் வாஷிங்டன் ஊற்றியதில் பெரும்பகுதியை மாநிலங்களும் நகரங்களும் போட்ட வரி உறிஞ்சிவிட்டது. செலவழித்தும் பயனில்லை என்று சொல்ல முடியாது, முழுதாகச் செலவழித்துப் பார்க்கவே இல்லை என்றார் அவர். ஆல்வின் ஹான்சனும் ஹார்வி பெர்லாஃபும் 1944லேயே மாநில நிதி மந்தத்தின் திசையிலேயே ஓடுகிறது என்று எழுதியிருந்தார்கள். நோய் எது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

மருந்தை வடிவமைக்க இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. 1972இல் நிக்சன் கொண்டுவந்த வருவாய்ப் பகிர்வு ஐந்து ஆண்டுகளில் 3,020 கோடி டாலரை மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் கொடுத்தது. ஆனால் அது நல்ல காலம் கெட்ட காலம் பார்க்காமல் ஓடிய குழாய். மந்தத்துக்கென்றே ஒரு ஏற்பாட்டை யோசித்தவர் மெய்ன் மாநில செனட்டர் எட்மண்ட் மஸ்கி. தானும் ஆளுநராக இருந்தவர் என்பதால் வரவு செலவை நேர்செய்யும் வேதனை அவருக்குத் தெரியும். நாட்டின் வேலையின்மை 6 சதவீதத்தைத் தாண்டினால் பணம் பாயும், தாண்டிய அளவுக்கு ஏற்பக் கூடும், குறைந்தால் நிற்கும் என்பது அவர் திட்டத்தின் கரு. குடியரசுத் தலைவர் ஃபோர்டு 1976 தொடக்கத்தில் அதை மறுத்தார். காங்கிரஸ் மறுபடி நிறைவேற்ற, மறுபடி மறுத்தார். ஜூலையில் காங்கிரஸ் அந்த மறுப்பை முறியடித்தது. முதல் ஒதுக்கீடு 125 கோடி டாலர். அமெரிக்க வரலாற்றில் இந்த வகை உதவிக்குக் கிடைத்த மிகச் சிறந்த வடிவம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அது வந்த நேரம் மட்டும் சரியில்லை. மந்தம் 1975 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. சட்டம் பிறந்தது பதினாறு மாதம் கழித்து. பணம் கையில் சேர்ந்தபோது மாநிலங்களின் வருவாய் தானே மேலெழத் தொடங்கியிருந்தது. 1978இல் பொருளியலாளர் எட்வர்ட் கிராம்லிக் மாநிலக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தபோது உதவியில் பெரும்பகுதி செலவாகாமல் உபரியாகக் குவிந்திருந்தது. மழை பெய்ததற்கு மறுநாள் மாநிலக் கஜானா ஏன் நிரம்பிக் கிடக்கிறது என்ற பொருளில் தன் ஆய்வுக்கு அவர் தலைப்பு வைத்தார். அந்த ஆண்டோடு சட்டம் காலாவதியானது. அது புதுப்பிக்கப்படவில்லை.

இங்கேதான் தவறான பாடம் கற்றார்கள். மாநிலத்துக்குக் கொடுத்தால் பெட்டியில் பூட்டிவைத்துக்கொள்ளும் என்பது பொது முடிவாகிவிட்டது. மந்தம் முடிந்தபின் பணம் கிடைத்தவன் சேமிப்பது அறிவுடைமை. அந்தச் சட்டத்தின் விசை 1973இலேயே சட்டப் புத்தகத்தில் இருந்திருந்தால், வேலையின்மை ஏறிய காலாண்டிலேயே பணம் போய்ச் சேர்ந்திருக்கும். சோதனைக்கு உள்ளாகாத ஒரு வடிவத்தைத் தோற்றுவிட்டதாக எழுதி மூடிவிட்டார்கள். 2003இலும் இதே தாமதம்: 2001 நவம்பரில் முடிந்த மந்தத்துக்கு 2003 மே மாதம் 2,000 கோடி டாலர்.

2009 வேறு மாதிரி. 2007 டிசம்பரில் தொடங்கிய மந்தம் உச்சத்தில் இருந்தபோது, பிப்ரவரி 17ஆம் தேதி ஒபாமா கையெழுத்திட்ட 78,700 கோடி டாலர் ஊக்கச் சட்டத்தில் மாநிலங்களுக்கு இரண்டு பெரிய வாய்க்கால்கள் இருந்தன. ஒன்று, பள்ளிகளை முதன்மையாகக் குறிவைத்த 5,360 கோடி டாலர் நிதி. மற்றொன்று மெடிக்கெய்டு. ஏழைகளுக்கான இந்த மருத்துவக் காப்புத் திட்டத்தின் செலவை மத்திய அரசும் மாநிலமும் பங்கிட்டுக்கொள்கின்றன. மத்திய அரசின் பங்கை 6.2 சதவீதப் புள்ளிகள் உயர்த்தினார்கள். புது அலுவலகம் வேண்டாம், விண்ணப்பம் வேண்டாம். ஏற்கெனவே ஓடும் கணக்கில் விகிதத்தை மாற்றினால் போதும், மாநிலத்தின் சொந்தப் பணம் அந்த அளவுக்கு விடுபடும். சுமார் 8,700 கோடி டாலர் இந்த வழியில் போகும் என்று கணக்கிட்டார்கள். தெற்கு கரோலினா ஆளுநர் மார்க் சான்ஃபோர்டு பள்ளிகளுக்கான நிதியை வாங்க மறுத்தார். சட்டமன்றம் வாங்கச் சொன்னது. கடைசியில் அம்மாநில உச்ச நீதிமன்றம் விண்ணப்பிக்கும்படி உத்தரவிட்டது.

பயன் இருந்ததா என்பதில் கடும் வாதம் நடந்தது. பொருளியலாளர்கள் ஜான் கோகனும் ஜான் டெய்லரும் தேசியக் கணக்குகளை ஆராய்ந்து, உதவி வந்த பிறகும் மாநிலங்கள் பொருளும் சேவையும் வாங்குவதைக் கூட்டவில்லை, கடன் வாங்குவதைக் குறைத்துக்கொண்டன, அவ்வளவுதான் என்றார்கள். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. ஆனால் செலவு கூடியதா என்ற கேள்வி பாதிக் கேள்விதான். உதவி இல்லாதிருந்தால் எவ்வளவு வெட்டியிருப்பார்கள் என்பது மறுபாதி. நாடு முழுவதின் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்தால் அது தெரியாது. மாநிலத்தை மாநிலத்தோடு ஒப்பிட வேண்டும். நலிந்த மாநிலத்துக்கு அதிக உதவி போவதால் நேரடி ஒப்பீடு ஏமாற்றும். பொருளியலாளர் சோடரோ-ரைக்கும் அவருடைய மூன்று சகாக்களும் 2012இல் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 6.2 புள்ளி எல்லோருக்கும் பொது. ஆகவே மந்தத்துக்கு முன்பே மெடிக்கெய்டுக்கு அதிகம் செலவழித்த மாநிலத்துக்கு, இப்போது எவ்வளவு அடிபட்டது என்பதற்குத் தொடர்பில்லாமல் அதிகப் பணம் கிடைத்தது. அந்த வேறுபாட்டை மட்டும் பிரித்தெடுத்து அளந்தபோது, 1 லட்சம் டாலர் உதவிக்கு ஒருவருக்கு ஓராண்டு வேலை என்ற கணக்கில் 3.8 வேலைகள் கிடைத்தன, அதில் 3.2 அரசு, கல்வி, மருத்துவம் ஆகிய துறைகளுக்கு வெளியே. பூட்டிவைத்த பணம் கடைத்தெருவில் வேலை உண்டாக்காது. வரியை உயர்த்தாமல் விட்டதும் ஊழியரை நீக்காமல் விட்டதும் எங்கோ ஒரு கடையின் கல்லாவில் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

அந்த உதவியில் பெரும்பகுதி 2011 நடுப்பகுதியில் தீர்ந்தது. மாநில வருவாய் இன்னும் தேறவில்லை. 2010 ஆகஸ்டில் காங்கிரஸ் முணுமுணுத்துக்கொண்டே சேர்த்துக் கொடுத்த 2,600 கோடி டாலரும் கரைந்த பிறகு ஆட்குறைப்பு தொடர்ந்தது. மந்தத்துக்கு முந்திய உச்சத்தோடு ஒப்பிட்டால் 2013 வாக்கில் மாநில, உள்ளாட்சி ஊழியர்கள் 6 லட்சத்துக்கும் மேல் குறைந்திருந்தார்கள். முந்தைய மந்தங்களில் முன்னால் நின்று இழுத்த துறை இம்முறை மீட்சியின் காலைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தது. தொடக்கம் சரியாக அமைந்த உதவி முடிவில் தவறியது.

2020இல் பெருந்தொற்று வந்தபோது மார்ச் முதல் மே வரையிலேயே சுமார் 15 லட்சம் மாநில, உள்ளாட்சி வேலைகள் போயின. மார்ச்சில் ஒதுக்கிய 15,000 கோடி டாலரைத் தொற்றுச் செலவுக்கு மட்டுமே பயன்படுத்தலாம், இழந்த வருவாயை நிரப்பக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். ஏப்ரலில் செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல், மாநிலங்கள் திவால் நடைமுறையை நாடட்டும் என்ற பொருளில் பேசினார். எதிர்க்கட்சி ஆளும் மாநிலங்களின் பழைய ஓய்வூதியக் கடனை நாடு ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர் தரப்பின் கேள்வி. வர்ஜீனியா 1790இல் கேட்டதையே அவரும் கேட்டார். அன்று அது பொருந்தியது. முந்தின மாதம்வரை வரவும் செலவும் நேராக இருந்து, கடைகளை மூட உத்தரவிட்டதால் விற்பனை வரி வறண்டுபோன மாநிலத்துக்கு அது பொருந்தவில்லை. வாதம் ஓராண்டு இழுத்தது. 2021 மார்ச்சில் பைடன் கையெழுத்திட்ட சட்டம் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 35,000 கோடி டாலர் கொடுத்தபோது நிலைமை தலைகீழாகியிருந்தது. மக்களுக்கு நேரடியாகப் போன காசோலைகளும் பங்குச் சந்தையின் ஏற்றமும் வரி வருவாயை மீட்டுவிட்டன. இரண்டே மாதத்தில் கலிபோர்னியா ஆளுநர் 7,570 கோடி டாலர் உபரி என்று அறிவித்தார். பெருந்தொற்றுக் கால உதவியை ஆராய்ந்த கிளெமென்ஸ், ஹாக்சி, வூகர் ஆகியோர் அரசு வேலை ஒன்றை ஓராண்டு காப்பாற்ற 8 லட்சத்து 55 ஆயிரம் டாலர் ஆனதாகக் கணக்கிட்டார்கள். 2009இன் கணக்கோ ஒரு வேலைக்கு சுமார் 26 ஆயிரம். முதல் கணக்கு அரசு வேலைகளை மட்டும் எண்ணுகிறது, இரண்டாவது எல்லா வேலைகளையும் எண்ணுகிறது. ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்து நேராகப் பங்கு போட முடியாது. இருந்தாலும் இவ்வளவு பெரிய இடைவெளி எண்ணும் முறையால் மட்டும் வந்ததல்ல. 2021இன் உதவி பெரும்பாலும் வீண் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கருவியே பழுது என்று அவர்கள் அடுத்து சொல்லும்போதுதான் பிரிய வேண்டியிருக்கிறது.

ஆகவே கேள்வி மஸ்கியிடமே திரும்புகிறது. மந்தம் வரும் முன்பே சட்டத்தை எழுதிவைத்தால் என்ன? 2019இல் ஃபீட்லர், ஃபர்மன், பவல் ஆகிய மூவர் மாநிலத்தின் வேலையின்மை ஒரு வரம்பைத் தாண்டினால் மெடிக்கெய்டின் மத்தியப் பங்கு தானாக உயரும் ஏற்பாட்டை விரிவாக வரைந்து காட்டினார்கள். எப்படியும் பணம் வரும் என்று தெரிந்தால் மாநிலங்கள் நல்ல காலத்தில் சேமிக்காது என்பது இதற்கு எதிரான வலுவான வாதம். அந்தப் பயம் முழுக்கப் பொய் இல்லை. சேமிப்பு நிதியில் கொஞ்சம் தளர்வு வரலாம். ஆனால் வேலையின்மையை அளவுகோலாக வைத்தால், ஊதாரி மாநிலம் தன் பற்றாக்குறையைப் பெருக்கிக் காட்டிக் கூடுதலாக ஒரு டாலரும் வாங்க முடியாது. ஹாமில்டனின் ஏற்பாட்டில் கடன்பட்டவனுக்குப் பரிசு இருந்தது, இதில் இல்லை. பதினாறு மாதம் கழித்து யார் ஆட்சியில் இருக்கிறார்கள் என்று பார்த்துப் பேரம் பேசிப் பணம் தரும் இன்றைய முறையில்தான் கணிக்க முடியாமையும் கட்சிக் கணக்கும் அதிகம். மறுப்பின் உண்மையான காரணம் வேறு என்று ஐயப்படுகிறேன்: தானாக ஓடும் பணத்துக்கு எந்த உறுப்பினரும் தன் பெயரைச் சூட்டிக்கொள்ள முடியாது.

2009ஐப் போலவே பெருந்தொற்றுக் காலத்திலும் மெடிக்கெய்டுக்குக் கொடுத்த 6.2 புள்ளி உயர்வு 2023இல் படிப்படியாக இறக்கப்பட்டு டிசம்பரோடு முடிந்தது. அதன் இடத்தில் பழைய வாய்ப்பாடு மறுபடி ஓடுகிறது. மாநிலத்தின் தலா வருமானத்தை நாட்டின் சராசரியோடு ஒப்பிட்டு, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு மத்தியப் பங்கைத் தீர்மானிக்கும் வாய்ப்பாடு அது. பங்கு 50 சதவீதத்துக்குக் கீழே போகாது. அந்த மூன்று ஆண்டுகளின் புள்ளிவிவரமும் கணக்கில் ஏறும்போது பழையதாகியிருக்கும். ஒரு மாநிலத்தில் இன்று தொழிற்சாலைகள் மூடினால், அவை ஓடிக்கொண்டிருந்த செழிப்பான ஆண்டுகளின் வருமானத்தைப் பார்த்தே அதற்குரிய பங்கை வாஷிங்டன் கணக்கிடும்.